பழைய விளையாட்டு, புதிய மெருகு, அதே கணக்கு

கல்லூரி மலரில் கணினி விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நான் எழுத வந்திருக்கும் விளையாட்டில் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசும் மரவெட்டிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஸாமர்ராவின் சுருள் மினாரா இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தில் செலவிடும் நேரத்தைவிட இந்த விளையாட்டில் செலவிடும் நேரம் அதிகம். அப்படியிருக்க, அது எந்த வரலாற்றைச் சொல்கிறது என்று யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்?

‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டெக்ஸாஸில் இயங்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது, மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. தயாரித்த நிறுவனம் 2009இல் மூடப்பட்டுவிட்டது. விளையாட்டு மட்டும் சாகவில்லை. உலகெங்கும் அதை விளையாடுபவர்கள் விடாமல் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். அதன் பயனாக, 2019 நவம்பரில் எல்லாப் படங்களையும் புதிதாக வரைந்து, இசையையும் குரல்களையும் புதிதாகப் பதிந்து, ‘டிஃபினிட்டிவ் எடிஷன்’ என்ற பெயரில் அது மீண்டும் வந்தது. பழையதை நானாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன், கைவைக்க விடமாட்டார். புதியதை இந்த விடுமுறையில்தான் நானே விளையாடத் தொடங்கினேன். இது ஒரு முதல் பார்வைதான். ஆனாலும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

விளையாடாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் ஒரு நகர மையம், மூன்று குடியானவர்கள், குதிரையில் ஏறிய ஓர் ஒற்றன் இருப்பார்கள். சுற்றிலும் இருட்டு. ஒற்றன் போகும் இடமெல்லாம் வெளிச்சமாகும்: இங்கே ஆடுகள், அங்கே பழச்செடிகள், அப்பால் தங்கம். உணவு, மரம், தங்கம், கல் என்று நான்கு செல்வங்கள். ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவு வேண்டும். வீடு கட்டாவிட்டால் ஆட்களைப் பெருக்க முடியாது. வீடு கட்ட மரம் வேண்டும். மரம் வெட்ட ஆள் வேண்டும். 500 உணவு சேர்ந்தால் இருண்ட காலத்திலிருந்து நிலமானிய காலத்துக்குப் போகலாம். அடுத்தது கோட்டைக் காலம். அதற்கு 800 உணவும் 200 தங்கமும். கடைசியாகப் பேரரசுக் காலம். அதற்கு 1000 உணவும் 800 தங்கமும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, “இது மாசக் கடைசியில நான் செய்ற வேலைதானே” என்றார். உண்மைதான். இன்று 60 மரம் கொடுத்து ஒரு வயல் அமைத்தால் நாளை சோறு. அந்த மரத்தை இன்று வீட்டுக்குச் செலவிட்டால் நாளை ஆட்கள் பசியோடு நிற்பார்கள். எதை முன்னே செய்வது, எதைப் பிறகு வைப்பது என்பதுதான் ஆட்டத்தின் முக்கால் பங்கு. சண்டை கடைசிக் கால் பங்கு. ஆரம்பத்தில் நான் வாள் பிடித்து யாரிடமும் தோற்கவில்லை. நகர மையத்தைச் சும்மா போட்டுவிட்டு ஆடுகளின் பின்னால் அலைந்ததால் தோற்றேன்.

புதிய பதிப்பு இந்தப் பக்கத்தில் நன்றாகவே உதவுகிறது. அறுவடை முடிந்த வயல் தானாகவே மீண்டும் விதைக்கப்படும்படி வைத்துக்கொள்ளலாம். ஒற்றனைத் தானாகச் சுற்றிவரச் சொல்லலாம். புதியவர்களுக்கென்று பயிற்சிப் பாடங்கள் தனியாக உண்டு. இத்தனை நேரத்துக்குள் இத்தனை ஆட்களைச் சேர்த்துக் காட்டு என்று சொல்லி, முடித்ததும் பதக்கம் தருகின்றன. ஒரு நல்ல ஆசிரியையின் பொறுமை அந்தப் பாடங்களில் இருக்கிறது. குறை சொல்வதானால், பழைய விளையாட்டு 32 மெகாபைட் நினைவகம் உள்ள கணினியிலேயே ஓடியது. புதியதற்கு நல்ல கணினியும், பல பத்து கிகாபைட் பதிவிறக்கமும் வேண்டும். நம் ஊரில் டேட்டா வாங்கும் விலையை நினைத்தால், இதுவே பல வீடுகளின் வாசலில் ஆட்டத்தை நிறுத்திவிடும்.

குடியானவர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் நகர முடியாது. இவ்விளையாட்டின் முதலாம் பாகத்தில் குடியானவர் எல்லோரும் ஆண்கள். இரண்டாம் பாகத்தில்தான் பெண்கள் வந்தார்கள். நகர மையத்திலிருந்து வெளியே வருவது ஆணா பெண்ணா என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது, அது தற்செயல். யாராக இருந்தாலும் வேகம் ஒன்று, வலிமை ஒன்று, வேலை ஒன்று. அவள் பன்றியை வேட்டையாடுவாள் (நமக்கு ஆடும் மானும் போதும் என்று வையுங்கள்), தங்கம் தோண்டுவாள், கோட்டையின் கல்லை அடுக்குவாள். அரசர்களின் பெயர்கள் நிறைந்த இந்த விளையாட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. ஆனால் அவள் இல்லாமல் ஓர் அரசரும் ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குப் போக முடியாது. 1999இலேயே அந்தச் சமத்துவத்தை ஒரு பிரசங்கமும் இல்லாமல் வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்து ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் வைப்பதானால், ஷஜரத்துத் துர் அம்மையாரை நான் முன்மொழிவேன். பிரான்ஸ் மன்னன் ஒன்பதாம் லூயி எகிப்தின் மீது படையெடுத்து வந்திருந்த வேளையில் கணவர் சுல்தான் மரணிக்க, அந்தச் செய்தியை மறைத்துவைத்து நிருவாகத்தைக் குலையாமல் நடத்தி, 1250இல் தாமே ஆட்சிப்பீடத்தில் அமர்ந்தவர் அவர். ஒற்றன், உணவு, நேரம் எல்லாவற்றையும் கையாளத் தெரிந்த ஒருவர் இந்த விளையாட்டுக்கு வேண்டுமென்றால் அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இனி படங்கள். புதிய பதிப்பைத் திறந்தவுடன் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதன் அழகுதான். தண்ணீர் மின்னுகிறது. மரங்களின் நிழல் மண்ணில் விழுகிறது. சரசன்கள் என்று அழைக்கப்படும் அறபு நாகரிகத்தைத் தெரிவுசெய்தால், மடாலயம் என்ற பொத்தானை அழுத்தியதும் குவிமாடத்துடன் பள்ளிவாசல் ஒன்று எழுகிறது. அவர்களின் ‘அதிசயம்’ ஸாமர்ராவின் பெரிய பள்ளிவாசல். ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீபா முதவக்கிலின் காலத்தில் எழுந்த அந்தச் சுருள் மினாராவைத் திரையில் பார்த்தபோது, பாடப்புத்தகத்தின் மங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அதே கைகள் இன்னொன்றையும் அழகாக்கியிருக்கின்றன. பழைய விளையாட்டில் ஒரு கட்டடம் அழிந்தால் சட்டென்று மறைந்து இடிபாடாகக் கிடக்கும். புதியதில் அது சரிகிறது. சுவர் பிளந்து, கூரை உள்ளே விழுந்து, தூசி எழும்பி, கற்கள் உருண்டு அடங்குகின்றன. நானா அதைத்தான் எனக்கு முதலில் காட்டினார்; “பார், எவ்வளவு நிஜமா இருக்கு” என்றார். நிஜமாகத்தான் இருந்தது. ஒவ்வோர் இரவும் செய்தியில் காஸாவின் கட்டடங்கள் அதே விதமாகச் சரிவதைப் பார்த்துவிட்டு வந்து உட்காரும் எனக்கு, அதை இரசிக்க வரவில்லை. விளையாட்டில் கட்டடம் சரியும்போது உள்ளே எவரும் இல்லை. வீடு இடிந்தால் எண்ணிக்கையில் ஐந்து குறையும், அவ்வளவுதான். அந்த ஐந்து பேர் எங்கே போனார்கள் என்ற கேள்வி கிடையாது. இதைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மெருகேற்றுபவர்கள் எதற்கு மெருகேற்றத் தெரிவுசெய்தார்கள் என்பதைக் கவனிக்கிறேன்.

இப்போது ஸலாஹுத்தீன். 1999இலேயே அவருக்கென்று ஆறு பகுதிகள் கொண்ட கதைத் தொடர் ஒன்று இருந்தது. புதிய பதிப்பிலும் அது இருக்கிறது. கதையைச் சொல்பவர், பாலைவனத்தில் வழிதவறி முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட ஒரு நோர்மன் வீரர். காட்டுமிராண்டிகளோடு போரிட வந்ததாக நினைத்தவர், தாம் கண்டது பண்பட்ட ஒரு மக்களை என்று மெல்ல மெல்ல உணர்கிறார். மேற்குலகில் தயாரான ஒரு விளையாட்டில், எதிர்த் தரப்பு வீரனின் வாயாலேயே இப்படிச் சொல்லவைத்தது பெரிய விடயம். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ‘சரசன்கள்’ என்ற பெயர்? ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பெயர் அது. ஸலாஹுத்தீன் தம்மை அப்படி அழைத்ததில்லை. அவர் திக்ரீத்தில் பிறந்த குர்து இனத்தவர். அவருக்கு முன்னே எகிப்தை ஆண்ட பாத்திமிகள் வேறு, பக்தாதின் அப்பாஸியர் வேறு. எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதன்மேல் எதிரி தந்த பெயரை ஒட்டியிருக்கிறார்கள். 1999இல் அது கவனக்குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் ‘இந்தியர்கள்’ என்று ஒரே நாகரிகமாக இருந்ததை இதே தயாரிப்பாளர்கள் 2022இல் ஹிந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்காகப் பிரித்தார்கள். அங்கே திருத்த முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? அவர்களுக்கு அக்கறை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பின்னர் வந்த ஒரு மாற்றத்தில் சரசன்களுக்கு ‘பீமாரிஸ்தான்’ என்ற ஆற்றலைக் கொடுத்தார்கள். பீமாரிஸ்தான் என்றால் மருத்துவமனை. ஸலாஹுத்தீனுக்கு முன்னோடியான நூருத்தீன் ஸன்கீ 1154இல் திமிஷ்கில் கட்டிய பீமாரிஸ்தான் இன்றும் நிற்கிறது. அதுவரை தேடிப் படித்தவர்களுக்குப் பெயர்ப்பலகையை மாற்றுவது பெரிய வேலையா?

பெயரைவிட என்னை உறுத்தியது வேறொன்று. தொடரின் நடுவில் அல்-குத்ஸ் நகரின் முற்றுகை வருகிறது. கவண்களைக் கொண்டுவந்து, சுவரை உடைத்து, உள்ளே நுழைந்து வெல்ல வேண்டும். நல்ல ஆட்டம், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வென்றேன். வென்றதும் திரையில் வெற்றி என்று எழுதுகிறது. அடுத்த பகுதிக்குப் போகிறோம்.

ஆனால் 1187 ஒக்டோபர் 2ஆம் திகதி அந்த நகரில் நடந்ததற்காக உலகம் ஸலாஹுத்தீனை நினைவு வைத்திருப்பது சுவர் உடைந்த பிறகு நடந்தவற்றுக்காக. 88 ஆண்டுகளுக்கு முன்னர், 1099இல், சிலுவைப் படையினர் அந்நகரைப் பிடித்தபோது உள்ளே இருந்தவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். பழிவாங்க எல்லாக் காரணமும் இருந்தது. நகரைக் காத்து நின்ற பாலியனோடு அவர் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தார். ஓர் ஆணுக்கு 10 தீனார், ஒரு பெண்ணுக்கு 5 தீனார் மீட்புப் பணம் என்று முடிவாயிற்று. கட்டியவர்கள் பாதுகாப்பாக வெளியேறினார்கள். பணமில்லாத ஏழைகளில் ஆயிரம் பேரைத் தமக்குத் தரும்படி அவருடைய சகோதரர் அல்-ஆதில் கேட்டு வாங்கி, வாங்கிய இடத்திலேயே விடுவித்தார். ஸலாஹுத்தீனும் பலரை விடுவித்தார். எல்லோரும் விடுதலையானார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும்; மீட்புப் பணம் கட்ட இயலாத பல்லாயிரம் பேர் அடிமைகளாகவே கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தின் வழக்கம் அது. நாம் அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அன்று அந்நகரின் தெருக்களில் இரத்தம் ஓடவில்லை.

கவனியுங்கள், இதெல்லாம் கணக்குத்தான். எத்தனை தீனார், எத்தனை பேர், யாரை விடுவது, கருவூலத்தில் என்ன மிஞ்சும்? உணவையும் மரத்தையும் தங்கத்தையும் கணக்கிட வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு விளையாட்டுக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்? விடுவித்தால் அடுத்த போருக்குத் தங்கம் குறையும். விடாவிட்டால் தங்கம் கூடும். முடிவெடு என்று என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கதை சொல்லும் குரல் அவரைப் புகழ்கிறது, என் கையிலுள்ள மவுஸுக்கு மட்டும் அந்தப் புகழுக்குரிய காரியத்தைச் செய்ய ஒரு பொத்தானும் இல்லை. 1193இல் அவர் திமிஷ்கில் மரணித்தபோது அவரது கைவசம் இருந்தது 47 திர்ஹம்களும் ஒரு பொற்காசும் என்று அவருடன் இருந்த பஹாஉத்தீன் இப்னு ஷத்தாத் எழுதி வைத்திருக்கிறார். திரையின் மேல் மூலையில் தங்கத்தின் எண்ணிக்கை எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் இந்த விளையாட்டின் கணக்குப்படி அவர் தோற்றவர்.

இனித் தமிழ். மேலே சொன்ன 2022ஆம் ஆண்டின் பிரிப்பில் ‘திராவிடர்’ என்ற நாகரிகம் வந்தது. அவர்களின் ஆட்கள் தமிழ் பேசுகிறார்கள். ஒரு குடியானவளைத் தெரிவுசெய்து மரத்தின் மீது அழுத்தினேன். அவள் தமிழில் பதில் சொன்னாள். ஆங்கிலத்தையும் அறபையும் கேட்டுப் பழகிய காதுக்கு அது தந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. சமையலறையிலிருந்த உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவர்களுக்குத் ‘திரிசடை’ என்ற பெருங்கப்பல் உண்டு. சுருண்டு நீளும் ‘உருமி’ வாள் ஏந்திய வீரர் உண்டு. நிலத்தைவிடக் கடலில் வலிமை அதிகம்.

அவர்களின் கதைத் தொடருக்குப் பெயர் ராஜேந்திரன். அங்கேதான் என் மகிழ்ச்சி சற்றுத் தடுமாறியது. முதலாம் ராஜேந்திர சோழனின் படை 1017இல் இந்தத் தீவில்தான் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. அம்மன்னன் சோழ நாட்டுச் சிறையிலேயே இறந்தான். 1070இல் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்கும்வரை சோழர் ஆட்சி இங்கே இருந்தது. சாதாரண தரம் படித்த எவருக்கும் இது தெரியும். அந்தக் கப்பலில் ஏறி நான் எந்தக் கரையை நோக்கிப் போவது? மொழியால் நான் கப்பலில் இருக்கிறேன். பிறப்பால் கரையில் நிற்கிறேன். மார்க்கத்தால் ஸலாஹுத்தீனின் பக்கம். விளையாட்டோ தொடக்கத்தில் ஒரே ஒரு நாகரிகத்தைத்தான் தெரிவுசெய்ய விடுகிறது. இலங்கைக்கென்று தனி நாகரிகமும் அதில் கிடையாது.

சில நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஒன்றைக் கண்டேன். இந்த விளையாட்டில் நம்மவர்கள் இருக்கவே செய்கிறார்கள். அரசராகவோ படைவீரராகவோ அவர்களைத் தேடக் கூடாது. சந்தையிலிருந்து புறப்பட்டு இன்னொருவரின் சந்தைக்குப் போய், தங்கத்தோடு திரும்பி வரும் வணிக வண்டியையும், துறைமுகத்திலிருந்து துறைமுகம் போகும் வணிகக் கப்பலையும் பாருங்கள். இத்தீவின் முஸ்லிம்களின் முன்னோரில் பலர் அப்படி வந்தவர்கள்தான். 1344இல் இங்கே வந்த இப்னு பதூதா கொழும்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கும் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த அந்தக் கல் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் பேசுகிறது: சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேவந்துறைத் தெய்வத்துக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவான காணிக்கைகள். துறைமுகத்துக்கு வருபவன் யார் யாரோடு பேச வேண்டியிருந்தது என்பதை அந்த ஒரு கல்லே காட்டிவிடுகிறது. (செங் ஹேயும் தன்பங்குக்குப் படை நடத்தி இங்கிருந்து ஓர் அரசனைப் பிடித்துச் சென்றவர்தான். கல் சொன்னதைக் கப்பல் கேட்கவில்லை போலும்.)

விளையாட்டில் வணிகத்தின் விதிகளை நானாவிடம் கேட்டுக் கற்றேன். தூரம் கூடக்கூட இலாபம் கூடும். பக்கத்துச் சந்தைக்குப் போனால் சில்லறை, வரைபடத்தின் மறுமூலைக்குப் போனால் நல்ல தங்கம். சந்தையில் ஒரு பொருளை விற்றுக்கொண்டே போனால் அதன் விலை இறங்கும். வாங்கும்போதும் விற்கும்போதும் ஏனைய நாகரிகங்களுக்கு 30 வீதம் கழிகிறது; சரசன்களுக்கு 5 வீதம் மட்டுமே. பெயரில் தவறினாலும் வணிகம் இவர்கள் கைக்கு வந்த கலை என்பதை மட்டும் தயாரித்தவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பூமியில் தோண்டும் தங்கம் ஆட்டம் நீள நீளத் தீர்ந்துவிடும். வணிகத் தங்கம் தீராது. இதிலெல்லாம் பெரிய விதி ஒன்று இருக்கிறது: உங்களோடு நீங்களே வணிகம் செய்ய முடியாது. இன்னொருவரின் சந்தை நின்றுகொண்டிருந்தால்தான் உங்கள் வண்டிக்குப் போக இடம் உண்டு. எல்லோரையும் அழித்துவிட்டால் வண்டிகள் வேலையின்றி வாசலில் நிற்கும்.

இத்தனை நல்ல விதியை உள்ளே வைத்துக்கொண்டு, வெல்வதற்கு எத்தனை வழி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வழமையான ஆட்டத்தில் மூன்று. எதிரிகளை முற்றாக அழிப்பது. வரைபடத்திலுள்ள புனிதச் சின்னங்கள் எல்லாவற்றையும் கைப்பற்றிக் காலம் முடியும்வரை வைத்திருப்பது. ஓர் அதிசயத்தைக் கட்டி அதே போலக் காப்பது. நன்றாக வணிகம் செய்து, ஒருவரையும் கொல்லாமல், நாலு துறைமுகத்தோடும் நட்பாக இருந்து வெல்லும் வழி இல்லை. வணிகம் அங்கே போருக்குப் பணம் தேடும் வழி மட்டுந்தான். இருபது வருடங்களுக்குப் பிறகு எல்லாவற்றையும் புதிதாக வரைந்தவர்கள், 35 நாகரிகங்களோடு வெளியிட்டு அதன் பிறகும் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே போனவர்கள், இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க நினைத்திருக்கலாம். என் பெரிய ஏமாற்றம் இதுதான். படம் மாறியது, குரல் மாறியது, யார் வென்றார் என்று எண்ணும் முறை மாறவில்லை.

“விளையாட்டு என்றால் யாராவது வெல்லத்தானே வேண்டும், நீ எல்லாவற்றையும் கட்டுரையாக்குகிறாய்” என்பது நானாவின் பதில். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பேச்சுவார்த்தையை ஆட்டமாக்குவது கவணை ஆட்டமாக்குவதைவிடக் கடினம். ஆனால் கடினம் என்பதற்காக விட்டுவிட்டால், பத்து வயதுத் தம்பிக்கு ஸலாஹுத்தீன் என்றால் ஒட்டகப் படையும் கவணும் மட்டும்தான். அந்த 10 தீனாரும் 5 தீனாரும் அவனிடம் ஒருநாளும் வந்து சேராது. ஆகவே பெற்றோரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. பரீட்சைக் காலத்தில் கணினியைப் பூட்டி வையுங்கள், மறுக்கவில்லை. ஓர் ஆட்டம் ஒரு மணித்தியாலத்தைச் சுலபமாக விழுங்கும். மற்ற நாட்களில் பிள்ளையின் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். அல்-குத்ஸ் பகுதி முடிந்து வெற்றி என்று திரையில் வந்ததும், “அதுக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா?” என்று கேளுங்கள். விளையாட்டு விட்ட இடத்தைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பிள்ளை அந்த நகரத்தின் சுவரையும் வாசலையும் அப்போதுதான் பார்த்து முடித்திருப்பான்.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. நமக்கு வேண்டிய வரைபடத்தையும் கதையையும் நாமே அமைக்க ஒரு கருவி இவ்விளையாட்டோடு 1999இலிருந்தே வருகிறது. புதிய பதிப்பில் அது இன்னும் விரிவாகியிருக்கிறது. வெற்றி எது என்பதையும் அதில் நாமே தீர்மானிக்கலாம். இவ்வளவு தங்கம் சேர்ந்தால் வெற்றி என்று எழுதிவைக்க முடியும். என் வகுப்புத் தோழியர் இருவரும் நானும் காலித் துறைமுகத்தை வரையத் தொடங்கியிருக்கிறோம். நான்கு திசைகளிலும் நான்கு துறைமுகங்கள், தமிழ் பேசுபவர்கள், அறபு பேசுபவர்கள், சீனம் பேசுபவர்கள், நடுவில் நாங்கள். குறிப்பிட்ட தங்கம் சேர்வதற்குள் எந்தத் துறைமுகமாவது அழிந்தால் ஆட்டம் தோல்வி. கோட்டை கட்டும் பொத்தானை எடுத்துவிடலாம் என்கிறாள் ஒருத்தி. கடற்கொள்ளையர் வந்தால் என்ன செய்வது என்கிறாள் மற்றவள். இப்போதைக்குச் சிக்கல் வேறு. நாங்கள் வரைந்த துறைமுக வாய் மிகக் குறுகலாகிவிட்டது. கப்பல்கள் வாசலிலேயே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. சனிக்கிழமை உட்கார்ந்து அதை அகலமாக்க வேண்டும்.